சும்மா கிடந்த கம்பி

பண்ணைக்காட்டிலிருந்து வயர்மேன் வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து மணியனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மேல்மலையில், பூம்பாறையைத் தாண்டிப் போகும் பஸ் நின்று திரும்புகிற அந்த ஊரில், யார் வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் மணியனைத்தான் கூப்பிடுவார்கள். பூண்டும் உருளையும் போடுகிற சம்சாரி அவர். ஊருக்குள் கம்பம் நட்ட காலத்தில், வேலைக்கு வந்தவர்களுக்குக் கம்பிச் சுருள் தூக்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். பிரித்ததைத் திரும்பப் பூட்டவும் தெரியும் என்பதுதான் அவருடைய மரியாதை. அவர் வீட்டு வயரிங்கில் ஒரு ஆணிகூட இன்னொருத்தர் அடித்ததில்லை. அந்த வீட்டுக்கு வேறொரு ஆள் டெஸ்டரோடு வருவதென்றால், ஊர்க்காரர்கள் பஸ் நிற்கும் இடத்திலேயே கேட்டுவிடுவார்கள். கேட்டும் விட்டார்கள்.

"என்ன மணியண்ணே, டாக்டருக்கே ஊசி போட ஆளு வருதாமுல்ல."

"மாப்ள அனுப்புறாரு. வேணாங்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

எல்லாம் மகள் சுகன்யாவால் வந்தது. அவளைப் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை சண்முகராஜுக்கு அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. ஐப்பசியில் வளைகாப்பு முடிந்து சுகன்யாவைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நாலாம் நாள் காலையில் குளிக்கப் போனவள் குழாயைத் தொட்டதும் அலறிக்கொண்டு முட்டி மடங்கி விழுந்தாள்.

குளியலறைச் சுவரில் ஒரு வெந்நீர் ஹீட்டர் இருந்தது. மாப்பிள்ளையின் தலைத் தீபாவளிக்காக மணியன் வாங்கி, தானே மாட்டியது. மணியனும் அவர் பெண்டாட்டி காளியாயியும் அதைத் தொடுவதில்லை. அவர்களுக்கு அடுப்பில் ஏற்றும் அண்டாத் தண்ணீர் போதும். ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, மகளின் அழுகை ஓயுமுன்னே மணியன் டெஸ்டரோடு உள்ளே போனார். கவனமான ஆள். ரப்பர் செருப்பைப் போட்டு, காய்ந்த பலகையின் மேல் ஏறி நின்று, ஹீட்டரைப் போட்டு, குழாயில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. மூன்று தடவை வைத்தார். மூன்று தடவையும் எரியவில்லை.

"கரண்டெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. சோப்புல வழுக்கியிருப்ப," என்றார்.

"நான் சோப்பையே இன்னும் எடுக்கலப்பா."

ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மறுநாளே சம்பந்தியம்மாள் சுந்தராம்பாள் ஜீப் பிடித்து வந்து மருமகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். மார்கழிக் கடைசியில் பழனியிலேயே பெண் குழந்தை பிறந்தது. காளியாயி போய் ஒரு வாரம் கூட இருந்து பார்த்துவிட்டு வந்தாள். முறைப்படி தாயும் பிள்ளையும் இங்கேதான் வந்திருக்க வேண்டும். சுந்தராம்பாள் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள். "லைசென்ஸ் இருக்குற ஆளு பாத்து நல்லாயிருக்குன்னு சொல்லட்டும். அதுக்கு முன்னாடி என் பேத்தி மலையேற மாட்டா."

இப்போது தை முடியப்போகிறது. குழந்தைக்கு இருபத்தைந்து நாள். மணியன் அதன் முகத்தைச் செல்போனில்தான் பார்த்திருக்கிறார். சுகன்யா அவரோடு பேசுவதே இல்லை.

வயர்மேன் ஞானவேல் முதல் பஸ்ஸில் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்துப் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையைச் சுற்றி மப்ளர், தோளில் கனத்த பை. புல்லின் மேல் உறைபனி அப்போதுதான் உருகிக்கொண்டிருந்தது. காளியாயி அவித்த உருளைக்கிழங்கும் பூண்டு மிளகாய்த் துவையலும் வைத்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு வைங்க மதினி. எங்க பக்கம் காப்பியும் மிளகும்தான். இந்த ருசியில கெழங்கு எங்க கெடைக்குது," என்று ஞானவேல் நிதானமாகச் சாப்பிட்டார்.

மணியனுக்கு அந்த நிதானமே எரிச்சலாக இருந்தது. "மெயின ஆப் பண்ணிட்டேன் தம்பி. சோலியப் பாக்கலாமா?"

"நீங்க ஆப் பண்ணிட்டீக அண்ணே. நான் பண்ணலையே." ஞானவேல் எழுந்து போய் பீஸ் கேரியர் இரண்டையும் உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கோவிச்சுக்காதீக. யாரு வீடானாலும் இதான் வழக்கம். என் வீட்டுலயும் இப்பிடித்தான்."

ஒவ்வொரு போர்டையும் திறந்து பார்த்தார். மணியன் பின்னாலேயே நின்று, திறக்கும்போதெல்லாம் தன் வேலையை எட்டிப் பார்த்தார். திருகுகள் இறுக்கமாக இருந்தன. இணைப்புகள் சுத்தமாக இருந்தன.

"நல்ல கை அண்ணே," என்றார் ஞானவேல்.

மணியனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அன்னைக்குப் பாப்பா விழுந்தப்ப டெஸ்டர் வச்சுப் பாத்தீகளாமே. அப்பிடியே செஞ்சு காட்டுங்க."

மணியன் கதவை விரியத் திறந்து வைத்து, செருப்பைப் போட்டு, பலகையைப் போட்டு, ஏறி நின்று, சுவிட்சைத் தட்டிய கையோடு குழாயில் டெஸ்டரை வைத்துக் காட்டினார். ஞானவேல் சிரிக்கவில்லை.

"உங்க உசுருக்கு எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கீக. டெஸ்டருக்குத்தான் பத்தல."

"என்ன பத்தல?"

"டெஸ்டர் எரியணும்னா துளியூண்டு கரண்டு உங்க ஒடம்பு வழியா மண்ணுக்குப் போகணும்ல. நீங்க செருப்பப் போட்டு, பலகையில ஏறி அந்த வழியப் பாதி அடச்சுட்டீக. கதவத் தொறந்து வச்சு வெயில உள்ள விட்டீக. மினுக்குன்னு எரிஞ்சிருந்தாலும் கண்ணுல படாது. அதவிட, சுவிட்சப் போட்ட ஒடனே பாத்தீக. பாப்பா எப்பக் குளிக்கப் போச்சு?"

"ஹீட்டரப் போட்டு அரை மணி இருக்கும். நாந்தான் போட்டேன்," என்றாள் காளியாயி.

ஞானவேல் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். குளியலறைக்கு வெளியே ஈர மண்ணில் ஒரு நீளத் திருப்புளியைக் குத்தி, மீட்டரின் ஒரு வயரை அதில் மாட்டினார். இன்னொரு வயரைக் குழாயில் கவ்வவிட்டார். பீஸைப் போட்டு ஹீட்டரை ஓடவிட்டு, யாரும் கிட்டே போகாதபடி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தார். மணியன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் மீட்டர் ஐந்து வோல்ட், ஆறு வோல்ட் என்று காட்டியது. மணியன், பார்த்தாயா என்பதுபோலப் பார்த்தார். ஞானவேல் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் சுட ஆரம்பித்ததும் உள்ளே லேசான இரைச்சல் கேட்டது. எண் பதினெட்டானது. பிறகு நாற்பது. தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் உறையில் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் இருந்திருக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொள்கிறது. சூடேறினால் இரும்பு விரிந்து, விரிசலும் வாய் திறக்கிறது. அறுபது. தொண்ணூறு. நூற்றுப் பத்தைத் தாண்டியபோது மணியன் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் குழாயைப் பார்த்தார். ஏழு மாதக் கர்ப்பிணி வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று பிடித்த குழாய்.

ஞானவேல் சுவிட்சை அணைத்தார். "காயில் ஒரு பொருளு. என்னைக்காச்சும் போகத்தான் செய்யும். மாப்ள சொன்னத வச்சு வேற காயில் கொண்டாந்திருக்கேன். அது பெரிசில்ல. கசிஞ்ச கரண்ட எர்த்து இழுத்துட்டுப் போயிருக்கணும்ல. உங்க எர்த்து எங்க போச்சு?"

"எர்த்து பக்காவா இருக்கு தம்பி. ஆளுயரக் குழி. கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டது."

"சாமிக்கு வெளக்கு வைக்க மறந்தாலும் வெள்ளிக்கெழம அந்தக் குழிக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்த மறக்க மாட்டாரு," என்றாள் காளியாயி.

வீட்டுக்குள் மின்சாரம் வர ஒரு கம்பி, திரும்பிப் போக ஒரு கம்பி. இவை இரண்டும் இருந்தால் விளக்கு எரியும், மிக்ஸி சுற்றும். மூன்றாவதான எர்த் கம்பிக்கு அன்றாடம் ஒரு வேலையும் கிடையாது. இரும்புப் பெட்டிக்குள் எங்காவது மின்சாரம் கசிந்தால், அது ஆளின் உடம்பைத் தேடிப் போகாமல், லேசான வழியாக இந்தக் கம்பியில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும். வருஷக் கணக்கில் கிடந்து, ஒரே ஒரு நாள் உதவுவதற்காகப் போடுகிற கம்பி அது.

ஞானவேல் ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பை எடுத்தார். இரண்டு வயரையும் பிளக் பாயிண்டின் கீழ் இரண்டு துளைகளில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை எடுத்து, மேலே இருந்த எர்த் துளைக்கு மாற்றினார். பல்பு செத்துக் கிடந்தது.

"பல்பு போயிருக்கும்," என்றார் மணியன்.

ஞானவேல் பழைய இடத்துக்கு மாற்றினார். எரிந்தது. எர்த்துக்கு மாற்றினார். எரியவில்லை.

பீஸைத் திரும்ப உருவிக்கொண்டு கம்பியைத் தேடிப் போனார்கள். வெளியே குழியில் கம்பி இறுக்கமாகப் பூட்டியிருந்தது. அங்கிருந்து சுவரேறி, தகரக் கூரையின் இடுக்கில் நுழைந்து, அடுப்படியின் மேலே போனது. அடுப்படி மேலே பூண்டு. வரிச்சுக்கு வரிச்சு இழுத்துக் கட்டிய கம்பிகளில், காய்ந்த தண்டோடு சேர்த்துக் கட்டிய பூண்டுக் கொத்துகள் திரை போட்டதுபோலத் தொங்கின. தைலமர விறகின் புகை பட்டுப் பட்டுப் பூண்டு பழுப்பேறி, அடுத்த விதைப்பு வரை முளைக்காமல், பூச்சி விழாமல் இருக்கும். மலையில் விதைப்பூண்டு வைத்திருக்கிற வீடெல்லாம் இப்படித்தான்.

"ஒவ்வொண்ணா எறக்கணுமே அண்ணே."

"மெதுவா. கொத்து உதுந்துராம," என்று காளியாயி கீழே சாக்கை விரித்தாள். மணியன் ஏணியில் நின்று எடுத்துக் கொடுக்க, அவள் வாங்கி அடுக்கினாள். மூன்றாவது வரிசை இறங்கியதும் கூரையிடுக்கிலிருந்து வந்த எர்த் கம்பி தெரிந்தது. இரண்டு முழம் வந்து, அந்தரத்தில் முடிந்திருந்தது. எதிர்ச் சுவர்ப் பக்கம் அதன் மறு முனை. நடுவில் எட்டடிக்கு வெறும் காற்று.

"வெட்டியிருக்கு. எலி இல்ல. குறடு வச்சு வெட்டுனது," என்றார் ஞானவேல்.

மணியனுக்கு ரத்தம் ஏறியது. "எவன் வேலை இது? ஏலே, என் வீட்டுக்குள்ள வந்து எவன் கைய வச்சது? தகரம் மாத்த வந்தானுகளே, அவனுகதான்..."

"அது நான் வெட்டுனது," என்றாள் காளியாயி.

கையில் பூண்டுக் கொத்தோடு நின்றாள். அவள் குரலில் பயம் இல்லை. என்ன ஆகிவிட்டது என்று இன்னும் புரியாத குரல்.

"ஆவணியில மழ விடாமப் பேஞ்சுச்சுல்ல. காட்டுல காயப்போட வழியில்லாம அம்புட்டுப் பூண்டையும் வீட்டுக்குக் கொண்டாந்தோம். தொங்கவிடக் கம்பி பத்தல. இது சும்மா கெடந்துச்சு. உங்களக் கேட்டுட்டுத்தான வெட்டுனேன். அந்தக் கம்பியில கரண்டு வருமாங்கன்னு கேட்டேன். வராதுன்னீக."

மணியனுக்கு ஞாபகம் வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், மழைக்குள் மூட்டை இறக்கிக்கொண்டே சொன்னது. அதுல எங்க கரண்டு வருது, அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும். சொன்னது பொய்யில்லை. பாதிதான் சொன்னார். அவள் கேட்டது எதற்கென்று அவர் கேட்கவில்லை.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதிதான். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல இருந்தது. தன் வேலையில் குறையில்லை. போட்டதைப் போட்டபடி விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஊரிலும் சொல்லலாம், சம்பந்தியிடமும் சொல்லலாம். அப்போதுதான் ஏணியிலிருந்து குனிந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

காளியாயி சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்தப் பிள்ளய... வயித்துப் பிள்ளயோட... நானா?"

அடுப்பில் விறகு சரிந்தது.

"மதினி, கேளுங்க," என்று ஞானவேல் அவளுக்கெதிரே குத்தவைத்தார். "தெரிஞ்சு வெட்டல நீங்க. கேட்டுட்டுத்தான் வெட்டுனீக. இந்தக் கம்பியப் பாருங்க, அந்தா பூண்டு தொங்குற கம்பியப் பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம். எனக்கே தெரியல. பச்ச வயரா, பைப்புக்குள்ள போட்டிருந்தா யாராச்சும் குறட்ட வச்சிருப்பாகளா?"

அது மணியனுக்காகச் சொன்னது. மணியனுக்கும் அது தெரிந்தது. ஒரே சுருளில் பாதியை எர்த்துக்குப் போட்டு, மீதியைப் பூண்டுக்குக் கட்டியவர் அவர்தான்.

செல்போன் அடித்தது. மாப்பிள்ளை. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மணியன் ஏணியிலிருந்து இறங்கி வெளியே பிளம்ஸ் மரத்தடிக்குப் போனார்.

"மாமா, ஆளு வந்துட்டாரா? ஸ்பீக்கர்ல இருக்கீங்க. அம்மாவும் இருக்காங்க."

"என்ன சொல்றாரு சம்பந்தி வயர்மேன்?" சுந்தராம்பாளின் குரல். "சோப்புதானாமா?"

மணியன் அடுப்படிக் கதவைப் பார்த்தார். காளியாயி வந்து நின்று, போனைக் கொடுங்கள் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சோப்பு இல்ல சம்பந்தி. கரண்டுதான். எர்த் கம்பி அறுபட்டுக் கெடந்திருக்கு."

"எப்பிடி அறுபட்டுச்சு?"

"அது தொடக்கூடாத கம்பின்னு பாத்தாத் தெரியற மாதிரி நான் போடல. வீட்டுல இருக்கவுகளுக்கு வெவரமாச் சொல்லவும் இல்ல. சோலி என்னுது. தப்பும் என்னுது." என்றவர், "சுகன்யாகிட்டக் குடுங்க."

போன் கை மாறியது. குழந்தையின் சிணுங்கல் கேட்டது.

"தாயி, நீ வழுக்கல."

"அப்பவே சொன்னேன்ல."

"சொன்ன."

"டெஸ்டரத்தான் நம்புனீங்க. என்னைய நம்பல."

"ஆமாத்தா."

சுகன்யா குழந்தையை ச்சூ ச்சூ என்று அமர்த்தினாள். "வேலை முடியட்டும். நீங்க சொன்னா வரமாட்டேன்ப்பா. அந்த அண்ணன் சொன்னாலும் வரமாட்டேன். அம்மா சொல்லட்டும். அம்மா சொன்னா வர்றேன்."

மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. ஞானவேல் போர்டிலிருந்து குழி வரைக்கும் பைப் அடித்து, பச்சை வயர் இழுத்தார். காயிலை மாற்றினார். மெயினுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டிரிப் சுவிட்ச் வைத்தார். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். துளி குறைந்தாலும், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒரு கண்சிமிட்டில் அறுத்துவிடுமாம். இப்படியொரு புதுச் சாமானைப் பார்த்தபின் மணியனால் வருத்தமாக இருக்க முடியவில்லை. அதன் சோதனைப் பொத்தானை மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். மூன்று தடவையும் படக்கென்று விழுந்தது.

"குழியில கிளாம்ப நீங்க இறுக்குங்க அண்ணே," என்றார் ஞானவேல்.

"நானா?"

"உங்க குழிதான. நீங்க இறுக்குனத நான் பாக்குறேன். மேல நான் இறுக்குனத நீங்க பாருங்க. ஒரு கை தூங்குனா இன்னொரு கை முழிச்சிருக்கட்டும்."

மணியன் ஸ்பேனரை வாங்கினார். ஞானவேல் குனிந்து பார்த்து, இன்னும் அரைச் சுற்று என்றார். மணியன் மறுபேச்சில்லாமல் இறுக்கினார். பிறகு பல்பை எர்த்தில் வைத்தார்கள். அடுப்படிச் சுவரில் நிழல் விழுகிற அளவுக்கு எரிந்தது.

மணி நாலாகிவிட்டது. பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து பிளம்ஸ் மரத்தை மூடிக்கொண்டிருந்தது. ஹீட்டரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு மீட்டரில் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

"போன் போட்டுச் சொல்லிருங்க மதினி, கடைசி பஸ்ஸுக்கு நான் கெளம்பணும்," என்றார் ஞானவேல்.

காளியாயி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "இருங்க தம்பி. குளிச்சுட்டு வந்து சொல்றேன்."

"மீட்டர்லதான் பாத்தாச்சே."

"மீட்டரா வந்து என் பேத்தியக் குளிப்பாட்டப் போகுது?"

மணியன் வழியை மறித்தார். "ஹீட்டர அணைக்கட்டும்."

"ஓடட்டும். அன்னைக்கு ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு."

"செருப்பையாச்சும் போட்டுக்கிட்டுப் போ."

"பச்சப்பிள்ளயக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுறவ செருப்பா போட்டிருப்பா? வழிய விடுங்க."

கதவு சாத்திக்கொண்டது. மணியன் வெளியே நின்றார். தன் கையால் செய்த எத்தனையோ வேலையை, தானே தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் நெஞ்சு இப்படி அடித்ததில்லை. இப்போது உள்ளே போயிருப்பவள், அவர் கையையும், காலையில் பஸ்ஸில் வந்த ஒரு ஆளின் கையையும் நம்பிப் போயிருக்கிறாள். ஞானவேலும் பையைத் தோளில் மாட்டாமல், மெயின் சுவிட்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வெகு நேரம் சத்தமே இல்லை. தரையில் கால் நீட்டி உட்காருகிறாள் போலும். பிறகு குழாய் திறந்தது. தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்து ஓடியது. அது நின்றது. திரும்பத் திறந்தது. அவள் வேண்டுமென்றே குழாயைத் திருகித் திருகித் திறக்கிறாள் என்று மணியனுக்குப் புரிந்தது.

"ஏத்தா," என்று கூப்பிட்டார்.

"இருக்கேன்."

கதவு திறந்தபோது ஆவி முதலில் வந்தது. ஈரத் தலையோடு வந்த காளியாயி, மணியனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள். மஞ்சுக்குள் அவள் பாதிதான் தெரிந்தாள். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"தாயி, கம்பிய வெட்டுனது அப்பா இல்ல. நான். பூண்டு தொங்கவிட வெட்டுனேன். தெரியாமப் பண்ணிட்டேன், ஆனா நாந்தான். உங்க அத்தைகிட்டயும் அப்பிடியே சொல்லு. இப்ப அந்தக் குழாய்த் தண்ணியிலதான், ஹீட்டரப் போட்டுவச்சு, கால நீட்டி ஒக்காந்து குளிச்சுட்டு வந்து ஈரத்தோட நிக்கிறேன். ஒண்ணுமில்ல. நான் சொல்றேன், வா."

சிக்னல் போய்விட்டதோ என்று காளியாயி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தாள். மணியன் இரண்டடி தள்ளி வந்து நின்றார். அங்கேயே அவருக்கும் மகளின் குரல் கேட்டது.

"மொதல்ல தலையத் துவட்டும்மா. பனியில நிக்காத. நாளைக்கு வெள்ளனே ஜீப்பு சொல்லிக் கெளம்பி வர்றோம்."